தில்லியில் கரி எஞ்சின்கள்: ஃபெய்ரி குயினை நிறுத்துங்கள், அக்பரை ஓட்டுங்கள்

கரிக்கண், ஆர்.கே.புரம்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் தில்லித் தமிழர்கள் எல்லோரும் ஒரே வழியில்தான் கூட்டிப்போகிறோம். குதுப் மினார், செங்கோட்டை, மலை மந்திர், ஒரு நாள் ஆக்ரா. குழந்தைகள் இருந்தால் கூடவே சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகம். அங்கே சின்ன ரயிலில் ஒரு சுற்று, ஃபெய்ரி குயின் என்கிற பழைய கரி எஞ்சின் முன்னால் ஒரு போட்டோ, வெளியே வந்து ஆட்டோ. அவ்வளவுதான். முற்றத்தில் நிற்கிற மற்ற எஞ்சின்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த வருத்தத்தில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். கூடவே ஒரு கருத்தும் உண்டு. அதை முதலிலேயே போட்டுவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். ஃபெய்ரி குயினை இனிமேல் ஓட்டக் கூடாது. கூரைக்கடியில் பத்திரமாக நிறுத்திவிட வேண்டும். அந்தக் காசையும் கரியையும் ஹரியானாவின் ரேவாரி எஞ்சின் ஷெட்டில் இருக்கிற அக்பர், ஆசாத் போன்ற டபிள்யூபி வகை எஞ்சின்களுக்குக் கொடுத்து, அவற்றை இன்னும் அடிக்கடி ஓட்ட வேண்டும்.

முதலில் ராணியம்மா கதை. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் கம்பெனி செய்தது. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயில் எண் 22. ஹௌராவுக்கும் ராணிகஞ்சுக்கும் நடுவே தபால் வண்டி இழுத்தது. 1857 கலகத்தின்போது பட்டாளத்தையும் இழுத்தது. 1909-ல் ஓய்வு. அப்புறம் ஹௌரா ஸ்டேஷனில் மேடையேறிக் காட்சிப் பொருளாக நின்றது, 1943-ல் உத்தரப் பிரதேசத்தின் சந்தௌசி ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குப் போனது. பிறகு தில்லிக்கு வந்தது. மறுபடி உயிர் வந்தது நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில். 1997-ல் தில்லி கண்டோன்மெண்டிலிருந்து ஆல்வாருக்கு ஓடத் தொடங்கியது. 1998-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. நடுவில் சில வருடங்கள் ஓடாமல் நின்றபோது பாகங்கள் திருட்டுப் போய், திரும்பவும் பெரம்பூர் போய், 2012 கடைசியில்தான் மறுபடி நகர்ந்தது.

நேரில் பார்க்கும்போது சக்கரங்களைக் கவனியுங்கள். இழுப்பது ஒரே ஒரு ஜோடி, ஆறடி விட்டம். முன்னும் பின்னும் இருப்பவை பாரம் தாங்க மட்டும். தண்ணீர்த் தொட்டி பாய்லருக்குப் பக்கத்தில் இல்லை, பின்னால் கரியும் தண்ணீரும் ஏற்றிவரும் தனி டெண்டரிலும் இல்லை. சட்டத்துக்கு அடியில் சக்கரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. மொத்த எடை 26 டன்தான். மணிக்கு 40 கிலோமீட்டர். அழகு என்றால் அழகுதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் "கரி வண்டியில் வந்தோம்" என்று சொல்கிற அந்த எஞ்சின் இதுவா? அகல ரயில் பாதையில் அவர்கள் பார்த்தது டபிள்யூபி. குண்டு மாதிரிக் கூம்பிய மூக்கு, அதன் நடுவில் நட்சத்திரம். 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி முதல் 16 எஞ்சின்களை அனுப்பியது. 1967 வரை மொத்தம் 755 செய்தார்கள். முதல் 16-ல் ஒன்றுதான் 7200 எண் கொண்ட ஆசாத். அக்பரின் எண் 7161, அது 1965-ல் சித்தரஞ்சனில் பிறந்தது. எண்ணை வைத்து வயதைக் கணக்குப் போடாதீர்கள், அண்ணன் 7200, தம்பி 7161! இரண்டும் ரேவாரியில். தில்லியிலிருந்து 80 கிலோமீட்டர் சுமார். 1893-ல் கட்டிய மீட்டர் கேஜ் ஷெட், 2002-லிருந்து அருங்காட்சியகம்.

மெயில், எக்ஸ்பிரஸ் என்றால் டபிள்யூபி என்று இருந்த நாட்கள் உண்டு. 110 கிலோமீட்டர் வரை போகும். இழுக்கும் சக்கரத்தின் விட்டம் ஐந்தடி ஏழு அங்குலம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் புகைபோக்கியில் நான்கு 'சுக்'. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 750 சுக் வரும். குழந்தைகள் ரயில் விளையாட்டில் சொல்கிற 'சுக்கு சுக்கு'வெல்லாம் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற வேகத்தில்தான். வேகம் பிடித்துவிட்டால் ஒரே உறுமல். அதைக் கேட்க வேண்டுமென்றால் எஞ்சின் ஓட வேண்டும், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றால் கேட்காது.

சரி, வாருங்கள் சண்டைக்கு.

முனிர்கா மாமி

சண்டைக்கு அப்புறம் வருகிறேன். கரி வண்டி ஞாபகம் என்று எல்லோரும் உருகுகிறீர்களே, ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரி விழுந்தவள் நான். எங்கள் அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி, கண்ணில் ஒற்றுவாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு யாரும் ரயில் ஏற மாட்டார்கள். இறங்கினதும் முதல் வேலை தலைக்குக் குளியல். உங்கள் நட்சத்திர மூக்கையெல்லாம் தூரத்தில் நின்று ரசிக்கத்தான் நன்றாக இருக்கும்.

அதற்காக வேண்டாமென்று சொல்லவில்லை. பேத்திக்குக் காட்ட வேண்டும். அவள் மெட்ரோ மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

சந்தேகப் பிராணி

எனக்கு அடிப்படையிலேயே கேள்வி. எதற்கு ஓட்ட வேண்டும்? தில்லியில் நவம்பர் வந்தால் பள்ளிக்கூடத்தை மூடுகிறோம், ஜெனரேட்டரை நிறுத்துகிறோம். இதில் பொழுதுபோக்குக்காகக் கரி எரிப்பதா? நல்ல ஒலிப்பதிவு, பெரிய திரை, அருங்காட்சியகத்தில் ஓர் இருட்டறை. போதாதா?

இரண்டாவது, 'பழைய எஞ்சின்' என்று எதைச் சொல்கிறீர்கள்? ஃபெய்ரி குயினின் உடன்பிறப்பு ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் (ஈஐஆர்) எண் 21, அதே 1855, அதே கம்பெனி. ஜமால்பூரில் வெறும் கூடாக நின்றதை பெரம்பூருக்குக் கொண்டுவந்து 2010-ல் ஓட வைத்தார்கள். சென்னையில் விசேஷ நாட்களில் ஓடுகிறது, கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் அதில் பல பாகங்கள் புதிதாகச் செய்தவை. அப்படியானால் அது 1855 எஞ்சினா, 2010 எஞ்சினா?

பொன்மலை வாரிசு, நொய்டா

சந்தேகம் சாருடைய இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். அப்பா திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் சோறு இருந்ததோ இல்லையோ பாய்லர் கதை இருந்தது.

ஓடுகிற காலத்திலேயே எந்தக் கரி எஞ்சினும் பிறந்தபோது இருந்த பாகங்களோடு சாகாது. பெரிய ஓவர்ஹாலிங்குக்கு எஞ்சின் ஒர்க்‌ஷாப் வந்தால் பாய்லரைக் கழற்றி ஒரு பக்கம் வைப்பார்கள். அந்த பாய்லரைச் சரிசெய்ய மாதக்கணக்காகும். எஞ்சினை அதுவரை காத்திருக்க வைக்க முடியுமா? அதே வகையில் முன்னமே தயாராகிக் கிடக்கிற வேறொரு பாய்லரை மாட்டி அனுப்பிவிடுவார்கள். சக்கரத்தின் டயர், பாய்லர் டியூப், ஃபயர்பாக்ஸை (நெருப்புப் பெட்டியை) பிடித்திருக்கும் ஸ்டே எல்லாம் தேயத் தேய மாற்றுகிற சாமான்கள். சட்டமும் நம்பர் பிளேட்டும்தான் எஞ்சினின் ஜாதகம்.

அதனால்தான் கரிக்கண் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. 755 எஞ்சின் செய்த வகையில் பாகம் மாற்றுவது அதன் இயல்பு. வரைபடம் இருக்கிறது, அளவு இருக்கிறது, நின்றுபோன எஞ்சின்களில் பாகமும் இருக்கிறது. 1855-ல் செய்ததில் ஒரு பாகம் தேய்ந்தால் எங்கிருந்து எடுப்பீர்கள்? புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்தக் காலத்துக் கொல்லன் கை பட்ட இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அந்த இரும்புதானே அங்கே விசேஷம்? அதைச் செலவழித்து 40 கிலோமீட்டரில் ஓட்டி என்ன சாதிக்கப் போகிறோம்?

இன்னொன்று. நீராவியைக் கொண்டே பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுகிற இன்ஜெக்டரே 1855-ல் கிடையாது. 1858-ல்தான் பிரான்ஸில் ஜிஃபார் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்ற, எஞ்சின் ஓடும்போது அசைகிற பாகங்களே பம்பை இயக்கும். வண்டி ஸ்டேஷனில் நின்றுபோய்த் தண்ணீர் குறைந்தால், எஞ்சினை மட்டும் கழற்றி முன்னும் பின்னும் ஓட்டித் தண்ணீர் ஏற்ற வேண்டும். இந்த வரலாறெல்லாம் நிற்கிற எஞ்சினில் கைகாட்டிச் சொல்லலாம். ஓட்ட வேண்டும் என்றால் இன்றைய பாதுகாப்பு விதிக்கு ஏற்ற சாமான்களை மாட்டித்தான் ஆக வேண்டும்.

சந்தேகப் பிராணி

வாரிசு, இது நல்ல பதில். ஆனால் இது ராணியை நிறுத்துவதற்கான வாதம். அக்பரை ஓட்டுவதற்கான வாதம் எங்கே?

கரிக்கண், ஆர்.கே.புரம்

அதற்கான வாதம் மனிதர்கள். அகல ரயில் பாதையில் வழக்கமான கரி வண்டி ஓட்டம் 1995 டிசம்பர் 6-ல் நின்றது. ஜலந்தருக்கும் ஃபிரோஸ்பூருக்கும் நடுவே கடைசியாக ஓடிய டபிள்யூஎல் வகை எஞ்சின் 15005, ஷேர்-இ-பஞ்சாப் என்று பெயர், அதுவும் ரேவாரிக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கு முப்பது வயதான ஃபயர்மேன் இன்று அறுபதைத் தாண்டியவர். அவர்கள் கையில் இருப்பதை இன்னொரு கைக்கு மாற்ற வேண்டுமென்றால் நெருப்பு எரிய வேண்டும். ஒலிப்பதிவை வைத்து யாரும் கரி அள்ளிப் போடக் கற்றுக்கொள்ள முடியாது.

இந்த மன்றத்தில் அந்த வேலை பார்த்த ஒருவர் இருக்கிறார், அவரை அழைக்கிறேன். துவாரகாவில் மகன் வீட்டில் இருக்கிறார். சார், வாங்க.

பழைய ஃபயர்மேன், துவாரகா

வந்துவிட்டேன். தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மீட்டர் கேஜ் ஆள். விழுப்புரம் ஷெட். அங்கே ஒய்பி, ஒய்ஜி எஞ்சின்கள். டபிள்யூபியில் நான் வேலை பார்த்ததில்லை, ஆனால் நெருப்பும் தண்ணீரும் எல்லா எஞ்சினுக்கும் ஒன்றுதான். கிளீனராகச் சேர்ந்து, இரண்டாவது ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன் என்று ஏறி, கடைசியில் டீசலுக்கு மாறி ஓய்வு பெற்றேன்.

மகனும் மருமகளும் என்னை ரேவாரிக்குக் கூட்டிப் போனார்கள். அன்று எஞ்சினைக் கிளப்பப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனோம். அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஆறிப்போன பாய்லரைச் சட்டென்று சூடாக்க முடியாது. கூடாது. தகடு ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் இருந்தால் மூட்டுகள் கசியும். அதனால் முதல் நாளே வேலை தொடங்கிவிடும். நெருப்பு வைப்பதற்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிற கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரிகிறதா, தெரிவது உண்மையா என்று அதன் வால்வைத் திறந்து மூடிச் சோதிக்க வேண்டும். அழுக்கு அடைத்துக்கொண்டால் கண்ணாடி பொய் சொல்லும். அப்புறம் ஃபயர்பாக்ஸுக்குள் தலையை விட்டு மேல் தகட்டையும் ஈயப் பிளக்கையும் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கொஞ்சம் கரி பரப்பி, விறகு அடுக்கி, எண்ணெயில் நனைத்த பஞ்சு வேஸ்ட்டைப் பற்ற வைப்பது.

நான் போனபோது ஒரு சின்னப் பையன் நெருப்புக்கு நின்றிருந்தான். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கரியை வாரி வாயில் கொட்டுகிற மாதிரி நடுவில் குவித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர், ஹிந்திக்காரர், ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை வாங்கினார். அதை ஃபயர்பாக்ஸ் வாசலில் கவிழ்த்துப் பிடித்தார். எரிகிற வெளிச்சத்தில் உள்ளே கண் கூசும், ஒன்றும் தெரியாது. மண்வெட்டித் தகட்டை அப்படிப் பிடித்தால் வாசல் வழியாகப் போகிற காற்று அதில் பட்டு நெருப்பின் மேல் திரும்பும். எந்த இடத்தில் கரி கனம், எந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று அப்போது தெரியும். பையனைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பிறகு பின்மூலை இரண்டிலும், ஓரங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக வீசிக் காட்டினார். நடுவில் மெல்லிசு, ஓரத்தில் கனம். எனக்கும் விழுப்புரத்தில் ஒருவர் இதையேதான் காட்டினார், கையில் மண்வெட்டியால் ஒரு தட்டும் கொடுத்து.

கிளம்பும்போது சிலிண்டரின் வடிகால் வால்வைத் திறந்துவிட்டுத்தான் நகர்த்துவோம். இரு பக்கமும் வெள்ளையாக நீராவி சீறும், ஜனங்கள் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள். அது அழகுக்கு இல்லை. இரவெல்லாம் சிலிண்டரில் ஆறித் தேங்கின தண்ணீர் வெளியே போக வேண்டும். நீராவியை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் வந்து இடித்தால் சிலிண்டர் மூடியே தெறித்துவிடும்.

மயூர் விஹார் அப்பா

சார், ஈயப் பிளக் என்றால் என்ன? என் பையன் (ஏழு வயது) பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பழைய ஃபயர்மேன், துவாரகா

தம்பிக்குச் சொல்கிறேன். எஞ்சினுக்குள்ளே நெருப்புப் பெட்டி இருக்கிறது. அதன் மேல் தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். கீழே நெருப்பு, மேலே தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை தகடு தாங்கும். தண்ணீர் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால், இரும்பு பழுத்து, மேலே இருக்கிற அழுத்தத்தில் தொங்கி, பாய்லரே வெடிக்கும். அதனால் அந்தத் தகட்டில் ஒரு திருகு, அதன் நடுவில் ஈயம். தண்ணீர் குறைந்தால் முதலில் ஈயம் உருகி ஓட்டை விழும், நீராவி அந்த வழியாக நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும், நெருப்பையும் அடக்கப் பார்க்கும்.

ஈயத்தை உருக விட்டவன் கதி அதோகதிதான். விசாரணை, சார்ஜ் ஷீட் எல்லாம் வரும். அதைவிட ஷெட்டில் தலைகாட்ட முடியாது. இறக்கத்தில் இறங்கும்போது தண்ணீர் முன்பக்கம் சாயும், பின்னால் இருக்கிற நெருப்புப் பெட்டித் தகடு காயும். அதனால் ஏற்றம் முடிவதற்குள்ளேயே இறக்கத்துக்கான தண்ணீரை ஏற்றி வைத்திருக்க வேண்டும். பாதை மனப்பாடமாகத் தெரியாதவன் ஃபயர்மேன் ஆக முடியாது.

சந்தேகப் பிராணி

படிக்க நன்றாக இருக்கிறது சார், மறுக்கவில்லை. ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. புகை?

பழைய ஃபயர்மேன், துவாரகா

கறுப்புப் புகை என்றால் கரி வீணாகிறது என்று அர்த்தம். காற்று போதாமல் எரியாத கரிதான் மேலே போகிறது. நல்ல ஃபயர்மேன் வண்டியில் புகைபோக்கிக்கு மேல் லேசான சாம்பல் நிறம் தெரியும், அவ்வளவுதான். இன்று விசேஷ ஓட்டங்களில் போட்டோ எடுப்பவர்கள் கேட்கிறார்கள் என்று வேண்டுமென்றே கரியைக் கொட்டிக் கறுப்பாக விடுகிறார்கள். எங்கள் காலத்தில் அப்படி விட்டால் டிரைவர் திட்டுவார்.

புகையே வராது என்று சொல்ல மாட்டேன். வரும்.

கரிக்கண், ஆர்.கே.புரம்

புகை விஷயத்தில் சந்தேகம் சாரோடு பாதி ஒத்துப்போகிறேன். நவம்பர், டிசம்பரில் தில்லிப் பக்கம் ஓட்ட வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் ஓட்டட்டும், பனியும் விலகியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஆனால் சுற்றுலாக்காரர்கள் வருவது குளிர்காலத்தில்தான் என்பதால் ஓட்டத்தை அங்கேதான் வைப்பார்கள். டிக்கெட் விற்பவர் கணக்கு வேறு, எஞ்சினைப் பார்ப்பவன் கணக்கு வேறு.

கின்னஸ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஓடுகிற எஞ்சின்களில் உலகத்திலேயே பழையது' என்ற பட்டம் வந்ததும் எல்லோருடைய கண்ணும் அங்கேயே போய்விட்டது. அருங்காட்சியகத்தில் ராணிக்குக் கூரை, வெளிச்சம், கம்பி வேலி. முற்றத்தில் மழையிலும் வெயிலிலும் நிற்கிற பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் காரட் (Garratt) வகை எஞ்சினை எத்தனை பேர் பார்த்தோம்? 234 டன். ஃபெய்ரி குயினைப் போல ஒன்பது எஞ்சினின் எடை! நடுவில் பாய்லர், அதன் இரு முனைகளிலும் தனித்தனி சக்கரத் தொகுதி, வளைவு வந்தால் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். பெயிண்ட் அடிக்கிறார்கள், சரி. பெயிண்டுக்கு உள்ளே இரும்பு என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை. பாய்லர் உறைக்குள் போன மழைத்தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். ஓடாத எஞ்சினுக்கு முதல் தேவை கூரை.

ஊட்டிக்காரன், கரோல் பாக்

பழைய வகையையே புதிதாகச் செய்யலாமே என்ற வழியும் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. அவை ஓய்ந்துபோகத் தொடங்கியதும் பொன்மலையில் அதே வகையைப் புதிதாகவே செய்தார்கள், வாரிசுக்கு நன்றாகத் தெரியும். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறுகிற மாதிரிச் செங்குத்து. நான்கு சிலிண்டர். சமதளத்தில் கீழே இருக்கிற இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கும் பற்சட்டம் வந்ததும் அவற்றில் வேலை முடித்து வெளியே வருகிற நீராவி மேலே இருக்கிற இரண்டுக்குப் போகும், அவை பற்சக்கரத்தைச் சுழற்றும். எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். அங்கே அது காட்சிப் பொருள் இல்லை, வேலை பார்க்கிறது. அதனால்தான் வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

பொன்மலை வாரிசு, நொய்டா

ஆமாம். பொன்மலைக்கு அது பெருமை. தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் அங்கே வந்ததிலிருந்து மீட்டர் கேஜ் எஞ்சின்களோடேயே வளர்ந்த இடம். பாய்லர் தகடு வளைக்கவும், ஸ்டே அடிக்கவும் ஆள் இருந்ததால்தான் புதிது செய்ய முடிந்தது. நீலகிரி ரயில் மட்டும் நடுவில் நின்றுபோயிருந்தால் அந்த வேலையும் போயிருக்கும்.

மயூர் விஹார் அப்பா

இப்போது நடைமுறைக்கு வருவோம். வரும் ஞாயிறு பையனைச் சாணக்கியபுரிக்குக் கூட்டிப்போகிறேன். ஃபெய்ரி குயின், காரட் தவிர என்ன காட்டலாம்? இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவனுக்குப் பொறுமை கிடையாது.

கரிக்கண், ஆர்.கே.புரம்

ஞாயிறு கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். திங்கள்கிழமை விடுமுறை, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஏழு வயதுப் பையனுக்கு முதலில் நெருப்பே இல்லாத நீராவி எஞ்சினைக் காட்டுங்கள். ஜெர்மனியின் ஹென்ஷல் கம்பெனி 1953-ல் செய்தது, சிந்திரி உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தது. அதில் ஃபயர்பாக்ஸ் கிடையாது. தொழிற்சாலை பாய்லரிலிருந்து நீராவியையும் கொதிநீரையும் பெரிய தொட்டியில் அடைத்துக்கொண்டு, தீரும் வரை ஓடி, திரும்ப வந்து நிரப்பிக்கொள்ளும். தீப்பொறி பட்டால் ஆபத்து என்கிற இடங்களுக்காகச் செய்தது. "புகைபோக்கி எங்கே?" என்று பையனையே தேடச் சொல்லுங்கள்.

அடுத்து எஃப் 734. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது, மீட்டர் கேஜ் சின்ன எஞ்சின். ஆனால் 1895-ல் ஆஜ்மீர் ஒர்க்‌ஷாப்பில் செய்தது, இந்தியாவிலேயே முழுதாகச் செய்த முதல் எஞ்சின். என்னைக் கேட்டால் கின்னஸ் எஞ்சினுக்குக் கொடுக்கிற கூரையில் பாதியாவது இதற்குச் சேர வேண்டும். ராணி கப்பலில் வந்தவள், இவன் இங்கே பிறந்தவன்.

டார்ஜிலிங் மலை ரயிலின் பி வகையும் இருக்கிறது, குட்டியாக, பையனுக்குப் பிடிக்கும்.

கடைசியாக பாட்டியாலா மோனோ ரயில். அதை முதலில் காட்டிவிடாதீர்கள், மற்றது எதையும் பார்க்க மாட்டான். பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907-லிருந்து 1927 வரை ஓடியது. ஒற்றைத் தண்டவாளம் சாலையோரத்தில். முதலில் கோவேறு கழுதைகள் இழுத்தன, அப்புறம் பெர்லினின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் கம்பெனியிலிருந்து நான்கு எஞ்சின்கள் வந்தன. மூடின பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள். 1962-ல் மைக் சாடோ என்கிற ஆங்கிலேயர், பழைய எஞ்சின்களைத் தேடி அலைந்தவர், பாட்டியாலா பொதுப்பணித் துறைக் கொட்டகையில் அதைக் கண்டுபிடித்தார். அமிர்தசரஸ் ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்து இங்கே கொண்டுவந்தார்கள். ஓட்டுகிற நாளில் போனால் அதிர்ஷ்டம்.

முனிர்கா மாமி

கரிக்கண், ரேவாரிக்கு ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து போகலாமா? ஃபயர்மேன் சாரும் வந்தால் விளக்கம் சொல்ல ஆள் இருக்கும். புளியோதரையும் தயிர்சாதமும் நான் கொண்டுவருகிறேன். ஆனால் அங்கே உட்கார இடம், கழிப்பறை எல்லாம் உண்டா என்று கேட்டுச் சொல். எனக்கு முட்டி வலி.

கரிக்கண், ஆர்.கே.புரம்

போகலாம் மாமி. தில்லியிலிருந்து ரேவாரிக்கு ரயில் நிறைய, ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். ஆனால் தினமும் நெருப்பு வைப்பதில்லை. எந்த நாளில் எஞ்சினைக் கிளப்புகிறார்கள் என்று முன்னாலேயே போன் செய்து கேட்டுவிட்டு, கழிப்பறையையும் விசாரித்துவிட்டுத் தேதி போடுகிறேன். நீங்கள் மட்டும் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வராதீர்கள்.

சந்தேகம் சார், நீங்களும் வர வேண்டும். நெருப்புக்கு முன்னால் நின்று இதே கேள்வியைக் கேளுங்கள்.

சந்தேகப் பிராணி

வருகிறேன். கேட்கவும் கேட்பேன். புளியோதரைக்காக வருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபயர்மேன், துவாரகா

நானும் வருகிறேன். காலை சீக்கிரம் போனால்தான் நெருப்பு வேலை பார்க்கலாம். பத்து மணிக்குப் போனால் எஞ்சின் தயாராக நிற்கும், போட்டோ மட்டும்தான் எடுக்கலாம்.

மயூர் விஹார் அப்பா

எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பையனுடைய கேள்வி ஒன்று, நேற்று இரவிலிருந்து விடவில்லை. மோனோ ரயிலுக்கு ஒற்றைத் தண்டவாளம் என்றால், ஒரு பக்கம் சாய்ந்தால் விழுந்துவிடாதா?

பொன்மலை வாரிசு, நொய்டா

விழாது, ஏனென்றால் அது தண்டவாளத்தை மட்டும் நம்பி நிற்பதில்லை. பாரத்தில் 95 சதவீதம் தண்டவாளத்தின் மேல் இருக்கும் சக்கரங்களில். மிச்சம் 5 சதவீதத்தைத் தாங்க ஒரு பக்கம் மட்டும் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று நீட்டிக்கொண்டு, சாதாரண சாலையிலேயே உருண்டு வரும். எடை எப்போதும் கொஞ்சம் அந்தப் பக்கமாகவே சாய்ந்திருக்கும்படி செய்திருப்பதால் எதிர்ப்பக்கம் கவிழ இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை போகும்போது பையனை அந்தப் பெரிய சக்கரம் இருக்கிற பக்கமாகவே நிறுத்திக் காட்டுங்கள். மறுபக்கம் நின்று பார்த்தால் இன்னும் நூறு கேள்வி கேட்பான்.